என் மனைவி பார்த்த மஸ்கட்

போன வருடம் நவம்பரில் என் மனைவி மஸ்கட்டுக்குப் போனாள். எங்கள் மகள் அங்கே நர்ஸ். அவளுக்கு இரண்டாவது பிரசவம். துணைக்கு அம்மா வேண்டும் என்றாள். மூன்று மாத விசா வந்தது, டிக்கெட் வந்தது, ஒன்றே ஒன்று. நான் வண்டிப்பெரியாரில் வீட்டையும் இரண்டு ஆடுகளையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

நானும் வரட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் மகளே போனில் முந்திக்கொண்டாள். "உங்களுக்கு அந்த ஊரு வேண்டாம்ப்பா. முப்பது வருஷம் அங்கன வெயில்ல வெந்தது போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். அவள் ஆறு வருடமாக அங்கே இருக்கிறாள். மஸ்கட்டின் டிசம்பர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் துறைமுகத்தில் வெந்துபோன மனுஷன் டிசம்பரை எங்கே கவனித்திருப்பார் என்று நினைத்துவிட்டாள். வெந்துபோன கதை நான் சொன்ன கதை. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு என்ன நினைப்பாள்?

உண்மை இது. இருபத்தேழு வயதில் பி.ஏ. சர்டிபிகேட்டோடு மஸ்கட் போனேன். முதல் இரண்டு வருடம் துறைமுக முற்றத்தில் பெட்டிகளை எண்ணி எழுதும் வேலை. அந்த வெயில் நிஜம். மே மாதம் மலைப்பக்கமிருந்து காற்று அடித்தால் அடுப்பைத் திறந்து முகத்தை நீட்டியதுபோல் இருக்கும். பேனா கையைச் சுடும். லீவில் வந்து கல்யாணம் முடித்துத் திரும்பிப் போன மாதம் என்னை ஆபீஸுக்குள் மாற்றிவிட்டார்கள். ஏசிக்கு நேர் கீழே மேசை. இருபத்தொன்பது வருடம் நான் அங்கே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை மனைவிக்கு எழுதவில்லை. முதல் கடிதத்தில் மறந்ததுபோல் விட்டேன். பிறகு விட்டது வசதியாகிவிட்டது. "வெயில் தாங்க முடியவில்லை, உனக்கும் பிள்ளைக்கும் இது ஆகாது" என்று எழுதிக்கொண்டே இருந்தேன். பத்தாவது வருடம் குடும்ப விசா கிடைக்கும் சம்பளம் வந்தது. குடும்பத்தைக் கூட்டிவரவில்லையா என்று மேனேஜரே கேட்டார். மனைவியின் பெற்றோரைப் பார்க்க ஆள் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அந்த இருவரும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள்.

வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம். கேட்கிறவர்களுக்கும் உடனே புரியும். எனக்கு இருந்தது ஊர்தான். நான் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம். ஒரு வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் கஷாயம் கொதிக்கும். என் அப்பா எந்தக் கங்காணியிடம் திட்டு வாங்கினார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். மஸ்கட்டில் மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தால் நான் யாருடைய மகன் என்று ஒருவனுக்கும் தெரியாது. அவள் வந்தால் அவளோடு லயமும் வந்துவிடும் என்று பயந்தேன். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

அந்த ஊரின் காற்று எனக்குப் பிடித்த அளவு வேறெதுவும் பிடித்ததில்லை. டிசம்பரில் காய்ந்த காற்று, ஈரமே இல்லாமல், சட்டைக்குள் போய் வெளியே வரும். துவைத்த துணி பால்கனியில் அரைமணி நேரத்தில் உலர்ந்து விறைப்பாக நிற்கும். இங்கே மழைக்காலத்தில் துணியை அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட வேண்டும்; பூசைக்குப் போகும் சட்டையிலும் புகைவாசம். சாயங்காலம் அங்கே சாம்பிராணி மணக்கும். மலைகள் செம்பழுப்பாகி, பிறகு கத்தரிப்பூ நிறமாகி, சட்டென்று அணைந்துவிடும். வருடத்தில் இரண்டு மூன்று முறை மழை பெய்தால் ஆபீஸே ஜன்னலுக்கு ஓடும். மலையிலிருந்து வறண்ட ஓடைகளில் வெள்ளம் இறங்குவதைப் பார்க்க ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு போவார்கள். மழையிலேயே ஊறிப் பிறந்த நானும் அவர்களோடு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

லீவு எப்போதும் ஜூனில் எடுப்பேன். வந்து இறங்கியதும், "அப்பாடா, என்ன குளிர்ச்சி" என்று லயத்துக்கே கேட்கும்படி சொல்வேன். என் மனைவி அந்த மழையில்தான் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போவாள். திரும்பி வந்து வாசலில் நின்று காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்பு வைப்பாள். வைத்துக்கொண்டே, அங்கே வெயில் இந்த வருடம் எப்படி என்று என்னைக் கேட்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்க ஒவ்வொரு வாரமும் ஒருவர் எழுந்திருப்பார். மே மாத ஞாயிறு ஒன்றை என் மனைவி கேட்டு வாங்கிக்கொள்வாள். "பாலைவன வெயிலில் உழைக்கும் எங்கள் சகோதரர்களுக்காக" என்று அவள் வாசிக்க, கோயில் முழுவதும் எழுந்து நின்று, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே ஞாயிறு வேலைநாள்; மே மாதம் ஆபீஸில் ஏசிக் குளிர் அதிகம். பெரும்பாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்திருப்பேன்.

போனவள் தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்தாள். அங்கே ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. திரையில் வெளிச்சம். முதல் வாரம் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது வாரத்திலிருந்து ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மகளும் அவளும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடற்கரைச் சாலையில் நடக்கிறார்களாம். காற்று என்ன சுகம் என்றாள். பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது என்றாள். மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்தோம் என்றாள்.

"பக்கத்துல இல்ல, எதிர்ல" என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க, டீ நல்லா இருந்துச்சு."

என் ஊரை அவளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. நான் பதின்மூன்று வருடமாகப் பார்க்காத இடங்களில் அவள் ரப்பர் செருப்போடு நடக்கிறாள். அவளுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது, எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, ஆனாலும் காற்று அவளுக்கு வீசுகிறது. போனை வைத்த பிறகு நான் ஆடுகளைத் திட்டினேன். அவள் திரும்பத் திரும்ப வியந்தது ஒன்றைத்தான்: "இவ்வளவு நல்ல ஊர உங்களுக்கு அனுபவிக்கக் குடுத்து வைக்கலையே." அவள் எனக்காக இரக்கப்பட்டது என் பொறாமையை இன்னும் கூட்டியது.

ஜனவரி முதல் வாரம் அங்கே மழை பெய்தது. அன்று அவள் போன் செய்தபோது காருக்குள் இருந்தாள். மருமகன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் ஓடைவெள்ளம் பார்க்கப் போயிருந்தார். போனைத் திருப்பிக் காட்டினாள். செம்மண் தண்ணீர், கரையெல்லாம் கார்கள், கால்சட்டையை மடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். "பெரியாறு பாத்தவள மழ பாக்கக் கூட்டிட்டு வந்திருக்காங்க பாருங்க" என்று சிரித்தாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் கம்பளியை இழுத்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் என்றேன். நெஞ்சில் சளி என்றேன். இருமியும் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரைப் பாருங்கள் என்றாள் மகள். தனியாக எழுந்து நடக்க முடியவில்லை என்றேன்.

ஐந்தாம் நாள் அவள் வந்துவிட்டாள். விசா இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மருமகன் லீவு போட்டாராம். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து மலையேறி வந்த களைப்போடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், மகள் கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரை எடுத்து என் அக்குளில் வைத்தாள். அது கீச்சென்றதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"காச்சல் இல்லையே."

"இல்ல."

"எப்ப விட்டுச்சு?"

"வரவே இல்ல."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னத்துக்கு என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவன் முழுவதையும் சொல்லிவிட்டேன். ஓடைவெள்ளத்தில் தொடங்கி, ஏசி, ஸ்வெட்டர், குடும்ப விசா, மேனேஜரிடம் சொன்ன பொய் வரை. நான் முடித்த பிறகு, "கல்யாணம் முடிஞ்சு திரும்பிப் போனீங்களே, அந்த வருஷமா உள்ள மாத்துனாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப இருபத்தொம்பது மே மாசம் நான் கோயில்ல எந்திரிச்சு நின்னு வாசிச்சிருக்கேன்."

தெர்மாமீட்டரை உறைக்குள் போட்டு மூடினாள்.

"வீண் போகலையே. ஆண்டவரு கேட்டு ஏசியே குடுத்திருக்காரு."

சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதன்பிறகு பல வாரம் எங்களுக்குள் சோறு, மருந்து, ஆடு, இவ்வளவுதான் பேச்சு. நான் மன்னிப்புக் கேட்டேன், ஒருமுறை அல்ல. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது. இந்த மே மாதமும் மன்றாட்டு வாசிக்க எழுந்தாள். தாளில் ஒரு சொல்லைக் கூட்டியிருந்தாள்: "உண்மையாகவே வெயிலில் நிற்கிறவர்களுக்காக." என் பக்கம் அவள் திரும்பவில்லை. கோயிலில் வேறு யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றியிருக்காது.

இந்த நவம்பரில், என்னிடம் கேட்காமல், மகளிடம் பேசி மறுபடி விசா போடச் சொன்னாள். இந்த முறை பிரசவம் இல்லை, யாருக்கும் துணை இல்லை. சும்மா போகிறாளாம். போன தடவை குறைந்த ஒரு மாதத்தை இருந்து முடிக்க வேண்டுமாம். வருகிற செவ்வாய்க்கிழமை விமானம்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பெட்டியில் அவள் பருத்திச் சேலைகளை மடித்து வைப்பதைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவள் போய் இறங்கும் அன்றைக்கு அங்கே புழுதி கிளம்பினால் என்ன என்றுகூட நினைத்தேன். பிறகு வெட்கப்பட்டேன்.

நேற்றுக் காலை ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நல்ல இடமெல்லாம் எழுதிக் குடுங்க. எந்த நேரம் போகணும்னும் எழுதுங்க." பத்து மாதத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் காரியம் இது. எழுதினேன். டீக்கடை, சாம்பிராணி விற்கும் சந்து, காலை ஆறரைக்கு மீன் இறங்கும் துறை, மலைமேல் கோபுரம். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது வரை. ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அது ஒன்றாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும் என்று கை நின்றுவிட்டது.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"நீங்க எங்க உக்காருவீங்க? அது இதுல இல்லையே."

பொய் சொல்ல அப்போதும் வழி இருந்தது. சொன்னேன்: பழைய கோட்டைக்குக் கீழே சாலை வளைகிற இடம், அங்கே கடலுக்குள் இறங்கும் ஏழு கல்படி, மேலிருந்து மூன்றாவது. டிசம்பரில் ஐந்தேகாலுக்குப் போனால் முகத்தில் வெயில் படாது, முதுகில் கல்லின் சூடு இருக்கும்.

பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தாளின் அடியில் அவளே எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதற்கு நேரமாகும். மூன்றாவது படி என்பதைத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"பொம்பள தனியா உக்காரலாமா அங்கன?"

"உக்காரலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்பச் சரி. மகள வரவேண்டாம்னுருவேன்."

தாளை நான்காக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள்.