பொட்டு வைத்த பத்து பானெட்டுகள்

கார் வைத்திருந்த பத்து ஆண்கள், ஸ்கூட்டி மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஏன் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான்... புது ரெசின் பசையும் சந்தனமும் கலந்த வாசனை.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய மாணவன் செல்வம் ஒருநாள் கையளவு கறுப்புத் துண்டோடு வந்தான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடும் குடும்பம் அவனுடையது. அது இரும்பைவிட லேசான நிஜ கார்பன் ஃபைபரா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஓரத்தைச் சுரண்டினேன். ஸ்டிக்கர்.

நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தேன்.

செல்வத்தையும் சேர்த்து, ஒரே மாடல் பழைய கார் வைத்திருந்த பத்துப் பேர். ஞாயிறு காலையில் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு இறங்குவார்கள். எல்லோருக்கும் எஞ்சினை மூடும் பானெட் கார்பன் ஃபைபரில் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால்தான் அச்சு செய்வோம் என்றது ஒரு வெளியூர்ப் பட்டறை. பேசி முடிக்க ஓர் ஆள் தேவை... அது நான்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. திரும்பத் திரும்ப மாதிரித் துண்டு வாங்கிச் சுரண்டிப் பார்த்தேன். "மேடம் பொண்ணு பாக்கப் போனா அந்த ஜென்மத்துல கல்யாணம் நடக்காது" என்று குழுவில் எழுதினார் ரவி. தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர். யாரையும் விடமாட்டார், செல்வத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சீண்டுவார்.

குழுவுக்கு நான் சொன்னது ஒன்றுதான். பார்சலைப் பிரித்ததும் நான் வந்து பார்க்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. சின்னக் கறை இருந்தாலும் பட்டறை திருப்பி எடுக்காது.

ஒரு ஞாயிறன்று சரக்கு வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரப் பிள்ளையார் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வைக்கோல்மேல் பத்து பானெட்டுகள்... ஒவ்வொன்றிலும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். உச்சி வெயில். துடைத்துப் பார்த்தேன். புதுப் பூச்சில் சிவப்பு இறங்கிவிட்டிருந்தது.

"சாமிக்குக் காட்டாம எப்டி மேடம் வண்டில மாட்றது?" என்றார் ஒருவர்.

"காட்டுங்க. எனக்கும் ஒருதரம் காட்டியிருக்கலாம்."

வண்டிகளில் மாட்டிப் பார்த்தோம். ஒன்பது பானெட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. செல்வத்தினுடையது மட்டும் இடது பக்கம் ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் எழும்பும். அவனுடைய துருப்பிடித்த இரும்பு பானெட்டையோ முந்தின வாரமே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. இந்தக் காரில்தான்.

"மாப்ளைக்குக் காத்து நல்லா வரும்டா" என்றார் ரவி. யாரும் சிரிக்கவில்லை.

பட்டறைக்குப் போன் செய்தேன். கறை பட்டதை எடுக்க முடியாது என்றார்கள். எவ்வளவு பேசியும் அதேதான்.

செல்வம் காரை விட்டு நகரவில்லை. "வூட்ல இன்னா மேடம் சொல்றது? கார்பன் பானெட்டு போட்ட வண்டில மாப்ள வருவாருன்னு ஊர் பூரா சொல்லிக்கினு இருக்கேன்."

அன்று யாரும் மலையேறவில்லை...

இப்போது போனைத் தட்டினால் ஒற்றைப் பொருளும் வாசலுக்கு வந்துவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் மறுநாளே எடுத்துப் போகிறார்கள். பத்துப் பேர் சேர வேண்டியதில்லை. அந்தக் குழு இன்னும் இருக்கிறது. காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிறு காலைகளில் சில நேரம் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் நடந்தது இது. கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு மூங்கில்துறைப்பட்டு போனேன். பந்தலுக்குப் பக்கத்தில் ரவி தன் பானெட்டைக் கழற்றி செல்வத்தின் காரில் மாட்டிக்கொண்டிருந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பி எப்போது தர வேண்டும் என்று செல்வம் கேட்டான். "எனக்கு எதுக்குடா? என் வண்டிய எவன் பாக்கறான்" என்றார். வளைந்த பானெட்டைத் தன் கார் கூரைமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கடை திறக்க வேண்டும் என்றார். எஞ்சின் வெளியே தெரிய, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் புகுந்து போய்விட்டார்.