கதிர் பிடித்த கையில் எஃப் கார்டு

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊரில் கூலி உயர்வு கேட்டு யாரும் வயலில் இறங்காத மூன்று வாரம், சோற்றுக்கே இழுபறி. நானோ வேலைநிறுத்தம் இன்னும் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சர்ச் கிடாரில் எஃப் கார்டு என்ற விரல்பிடியைப் பழக எனக்கு நாள் வேண்டியிருந்தது.

அறுப்பின் பண்டிகைப் பாட்டில் அது வரும். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். பின்னாலிருந்து நெரித்த கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். பாதிக் கம்பி ஊமையாகவே கிடந்தது.

"அறுப்பறுக்குற கைக்கு இது வராதுடி, விட்டுடு" என்றாள் கூட வாசிக்கும் ஸ்டெல்லா, வாத்தியார் மகள்.

கூலி ஏறியது, அறுப்பு தொடங்கியது. விரல் கெட்டுவிடுமே என்ற எரிச்சலோடுதான் இறங்கினேன். இரண்டாம் நாள், இடக்கையில் கதிரைப் பற்றும்போது சட்டென்று உறைத்தது. நான் கட்டைவிரலால் நெரிக்கவே இல்லை. விரலை வளைத்துப் போட்டு, முழுக்கையால் என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கையெல்லாம் நெல்லின் சுணை அரிக்க அரிக்க சர்ச்சுக்கு ஓடி, கிடாரையும் அப்படியே இழுத்துப் பிடித்தேன். ஆறு கம்பியும் பேசின.

"எப்படிடி வந்துச்சு?" ஸ்டெல்லா குனிந்து என் விரல்களைப் பார்த்தாள்.

"அறுப்பறுக்குற கைடி இது."

அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றும் கூச்சம்தான். ஆனாலும் அந்த அறுப்பில் ஏறிய கூலி நெல்லோடு எஃப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தவள் நான்.