கடைசிக்கு ஒரு இடம் மேலை

ஐஸ் ஹொக்கி அணிக்குச் சாமான்காரனா இருக்கிறவன், வெண்டால் ஆரும் நினைக்காத, தோத்தால் எல்லாரும் திரும்பிப் பாக்கிற ஆள்.

ஸ்கேட் தீட்டுறது, ஜேர்சி தோய்க்கிறது, மட்டை முறிஞ்சால் புது மட்டை நீட்டுறது, இவ்வளவும்தான் வேலை. விடிய வெள்ளனப் பிள்ளையளை ஐஸ் மண்டபத்துக்கு ஏத்திக்கொண்டு போய், கால் விறைக்க நிண்டு, போதாக்குறைக்கு டுக்னாட் எண்டு சொல்லுற கூலியில்லாத பொதுவேலைக்கு வாஃபிளும் சுட்டு வித்த ஆக்களுக்கு என்ரை பாடு சொல்லாமலே விளங்கும். நீங்கள் சம்பளமில்லாமல் விறைச்சனீங்கள், நான் சம்பளத்துக்கு விறைச்சனான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருசம் ஹோட்டல் குசினியிலை நிண்டனான். வேலை முடியப் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படிச்சு, போன வருசம்தான் ஒஸ்லோவிலை ஒரு கல்லூரி அணிக்குச் சாமான்காரனாச் சேர்ந்தன். ஆறு மாதம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவினமாம். சேர்ந்து மூண்டாம் கிழமை நிர்வாகத்திட்டை இருந்து ஒரு கடிதம்: மாணவர் தொடரிலை அணி கடைசி இடத்துக்குப் போனால், வாற வருசம் அணி இல்லை. அணி இல்லையெண்டால் சாமான்காரன் ஆருக்கு? எனக்கு ஐம்பத்தாறு வயசு. திரும்பிக் குசினிக்குப் போக முழங்கால் சம்மதிக்காது.

முதல் தீட்டு

பயிற்சியாளர் ரூனார் தீட்டுற மெசினைப் பத்து நிமிசம் காட்டிப்போட்டுப் போட்டார். ஒரு ஸ்கேட்டைத் திருப்பிப் பாக்கிறன், அலகின்ரை நடுவிலை நீளத்துக்குப் பள்ளம். ரெண்டு பக்கமும் விளிம்பு நிக்குது, நடுவிலை ஒண்டுமில்லை. ‘ஐயோ, பாவிச்சுப் பாவிச்சுத் தேய்ஞ்சு போச்சு’ எண்டு நினைச்சன். குசினிக்காரன்ரை கையெல்லோ, சும்மா இருக்குமே? பள்ளம் முழுக்கப் போகத் தீட்டி, ஒரு பக்கமாச் சரிச்சு, தாளை வைச்சால் தாள் ரெண்டாப் போறமாதிரிப் பதம் எடுத்துக் குடுத்தன். அந்தப் பள்ளமும் ரெண்டு விளிம்பும்தான் ஆளை ஐஸிலை பிடிச்சு வைச்சிருக்கிற சாமான் எண்டு எனக்கு ஆர் சொன்னது?

அந்தச் சோடி கபிலன்ரை. அவன் ஹொல்ம்லியாப் பக்கத்துத் தமிழ்ப் பெடியன், பொறியியல் படிக்கிறான், பின்வரிசையிலை நிண்டு தடுக்கிறவன். ஐஸிலை இறங்கினான், நேர போனான், நேர போனான், கடைசியிலை அங்காலைச் சுவரிலைதான் நிண்டான். எழும்பி நொண்டி நொண்டி வந்து, ஒரு கோவமும் இல்லாமல் ஸ்கேட்டைக் கழட்டித் தந்தான்.

“அங்கிள், இதாலை வெங்காயம் வெட்டலாம், திரும்பத்தான் ஏலாது.”

காயாத ஜேர்சி

மட்ச் நாளிலை ஆர் விளையாடுறது எண்ட பட்டியலை ரூனார் வாயாலை சொல்லுறேல்லை. என்ரை கையிலை ஒரு தாள் தருவார். விளையாடுற ஆக்களின்ரை ஜேர்சியை நான் கொழுக்கியிலை தொங்கவிட வேணும். உடுப்பு மாத்திற அறைக்குள்ளை வந்து தன்ரை கொழுக்கி வெறுமையா இருந்தால் அவரவருக்கே விளங்கும். முடிவெடுக்கிறவர் அவர், கெட்ட செய்தியைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவன் நான்.

தொடக்கத்திலை நாலு மட்ச் தொடர்ந்து தோல்வி. ரெண்டாவது மட்சுக்கே சாண்டரை வெளியிலை விட்டார். கோல் அடிக்கிறதிலை அவன்தான் கெட்டிக்காரன், ஆனால் பயிற்சிக்கு வரமாட்டான். வெறுங் கொழுக்கிக்கு முன்னாலை நிண்டு, “என்ரை எங்கை?” எண்டு என்னைக் கேட்டான். முகத்தைப் பாக்கச் சொல்ல மனம் வரேல்லை. “தோய்ச்சனான், இன்னும் காயேல்லை” எண்டன். அடுத்த கிழமையும் கேட்டான், அப்பவும் காயேல்லை. அதுக்கடுத்த கிழமையும் காயேல்லை. எங்களுக்கு ஒரு பொய்யைப் பிடிச்சால் விடத் தெரியாதே.

பிறகு ஒரு கிழமை முழுக்க ஒழுங்காப் பயிற்சிக்கு வந்தான். மட்ச் நாள் எல்லாருக்கும் முதல் வந்து நிண்டான், கையிலை தங்கச்சியின்ரை தலைமயிர் காயவைக்கிற மெசின். ரூனார் சிரிச்சுப்போட்டுத் தாளை வாங்கி அவன்ரை பேரை எழுதினார். அண்டைக்கு ரெண்டு கோல் அடிச்சான், எங்கடை முதல் வெற்றி. உள்ளை வரேக்கை மெசினை என்ரை மேசையிலை வைச்சான்.

“இது இஞ்சையே இருக்கட்டும், உன்ரை ஜேர்சியள் காயக் கொஞ்சம் பஞ்சிப்படுது.”

சிவத்தின்ரை கோவம்

கபிலன்ரை தேப்பன் சிவம், தபால் பிரிக்கிற இடத்திலை வேலை. ஒருநாளும் மட்சுக்கு வராத மனிசன், நான் சொல்லிச் சொல்லி ஒருக்கால் வந்தார். பக்கத்திலை நிக்க வைச்சன். மகன் இறங்கினான், ஓடினான், ஒரு நிமிசம் முடியமுதல் மற்றப் பெடியள் இருக்கிற வாங்கிலுக்குத் திரும்பி வந்திட்டான். சிவத்தின்ரை முகம் கறுத்துப் போச்சு. பிறகும் இறங்கினான், பிறகும் வந்தான். நாலாந் தரம் சிவத்தாலை ஏலேல்லை.

“ராசண்ணை, அவன் என்ன பிழை செய்தவன்? இறங்க இறங்கக் கூப்பிட்டு இருத்துறான் உந்த மனிசன். நான் போய்க் கதைக்கப் போறன்.”

கையைப் பிடிச்சு இழுத்து நிப்பாட்டினன். இந்த விளையாட்டிலை எல்லாருமே நாப்பது, ஐம்பது செக்கன்தான், உயிரைக் குடுத்து ஓடிப்போட்டு வந்து இருக்க வேணும், அடுத்த ஐஞ்சு பேர் போவினம், இது தண்டனையில்லை எண்டு விளங்கப்படுத்தினன். மனிசன் மணிக்கூட்டைப் பாத்தார், வாங்கிலைப் பாத்தார், திரும்பவும் மணிக்கூட்டைப் பாத்தார். கோவம் இறங்கினது தெரிஞ்சுது, கூடவே வேறை ஒரு கவலையும் வந்தது.

“நாப்பது செக்கன் வேலை, ரெண்டு நிமிசம் ஓய்வு… எந்தத் தொழிற்சங்கம் அண்ணை இது, என்னையும் சேர்த்துவிடுங்கோ.”

சோதினைக் காலம்

கடைசி மட்ச் வரேக்கை நாங்கள் கடைசி இடத்திலை நிண்டம். ஒரு இடம் மேலை நிண்ட அணி தன்ரை மட்சுகளை முடிச்சு, புள்ளியிலை எங்களோடை சமமா நிண்டுது. ஆனால் கோல் கணக்கிலை அவை மேலை. எங்களுக்கு இன்னும் ஒரேயொரு புள்ளி வேணும். அறுபது நிமிசம் முடிய ஸ்கோர் சமமா இருந்தால் ஆளுக்கொரு புள்ளி. பிறகு தனித்தனியா அடிச்சு வெல்லுற ஆக்களுக்கு மேலதிகமா ஒண்டு, அது எங்களுக்குத் தேவையில்லை.

கல்லூரி அணியெண்டால் சோதினைக்கு முன்னாலை எந்தப் பயிற்சியாளரும் பூச்சியம். ரூனார் தந்த தாளிலை ஒம்பது பேரும் கோல் காக்கிற இங்வில்டும். மற்றவை உடற்கூறு, சட்டம், பிள்ளை பராமரிப்பு எண்டு சிதறிப் போச்சினம். இங்வில்டுக்கும் அண்டைக்கு வீட்டுச் சோதினை, கணினியிலை எழுதி ஐஞ்சு மணிக்கு முதல் அனுப்ப வேணும். மட்ச் ஐஞ்சேகாலுக்கு. அவள் கால் காப்புகள் எல்லாம் கட்டி, ஸ்கேட் போட்டு, மடியிலை கணினியோடை வாங்கிலிலை இருந்து தட்டிக்கொண்டிருந்தாள். சார்ஜ் இறங்குது எண்டாள், தீட்டுற மெசினின்ரை வயரைக் கழட்டிப்போட்டு அதிலை குத்தி விட்டன். ஐஞ்சுக்கு மூண்டு நிமிசம் கிடக்கேக்கை பொத்தானை அமத்தினாள்.

“கடைசிப் பந்தி மோசம்தான் ராசன், ஆனால் சோதினையைத் திரும்ப எழுதலாம், அணியைத் திரும்ப எழுதேலாது.”

சமன்

ரெண்டுக்கு ரெண்டு. கடைசி ஐஞ்சு நிமிசம் நான் வாங்கில் கதவைத் திறக்கிறதும் பூட்டுறதும்தான், பாக்கேலாமல் கிடந்துது. பெடியளுக்கு மூச்சு இல்லை. மாத்தி விடப் போதிய ஆளில்லை. எதிரணி சுத்தி நிண்டு அடிக்கினம், இங்வில்ட் விழுந்து எழும்பித் தடுக்கிறாள். முடிய எட்டுச் செக்கன் கிடக்கேக்கை கோலுக்கு நேர வந்த றப்பர் வட்டைக் கபிலன் தன்ரை கெண்டைக் காலாலை மறிச்சான், சத்தம் வாங்கில் வரைக்கும் கேட்டுது. மணி அடிச்சுது.

ஒம்பது பேரும் இங்வில்டுக்கு மேலை ஏறி விழுந்தினம். எப்பவும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிற ரூனார் என்னைக் கட்டிப் பிடிச்சார். நான் தண்ணிப் போத்தில் பெட்டிக்கு மேலை குந்தியிட்டன். பிறகு தனித்தனியா அடிக்கிறது நடந்தது. அவை அடிச்ச மூண்டும் உள்ளை போச்சு, எங்கடை ஒண்டும் போகேல்லை. இங்வில்ட் ஒவ்வொண்டுக்கும் சிரிச்சுக்கொண்டு வட்டை எடுத்துக் குடுத்தாள். முறைப்படி நாங்கள் தோத்துப் போனம். தோத்த பக்கம் பாட்டுப் பாடுது, வெண்ட பக்கம் முழிச்சுக்கொண்டு நிக்குது. எதிரணித் தலைவர் கை குடுக்க வந்து, பெரிய ஸ்கோர் பலகையை ஒருக்கால் திரும்பிப் பாத்தார்.

“குறை நினைக்க வேண்டாம், வெண்டது நாங்கள்தானே?”

தோத்த மட்சாலை வேலை நிரந்தரமான ஆள் ஒஸ்லோவிலை நான் ஒருத்தன்தான் எண்டு நினைக்கிறன், அதிலை எனக்கு ஒரு வெக்கமும் இல்லை.