மச்சினன் பெயரில் ஒரு கார்

பொய்ப்பல் செய்வதுதான் அவர் தொழில். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பைத் தயார் செய்து கொடுப்பார். பொய்ப்பல்லை அசல் மாதிரி செய்யத் தெரிந்த மனிதருக்குப் பொய் சொல்ல மட்டும் வரவே வராது. வாயைத் திறக்கும்போதே காது மடல் இரண்டும் சிவந்துவிடும். போதாக்குறைக்கு, வாய்த்த மனைவி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்.

இரும்பைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அது இன்னும் கட்டிலுக்கடியில் மூன்று சாக்குகளில் இருக்கிறது. அன்றைக்கே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆணி வரணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டியூட்டிக்குப் போயிருந்தபோது ஆணி வரவில்லை, கார் வந்தது. அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையை இடிக்கப் போகிறார். உள்ளே அவருடைய அப்பா ஓட்டிய கார், முப்பது வருஷமாக அசையாமல் நிற்கிறது. "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்ன வாய் மூடுவதற்குள் இவர் லாரியோடு போய் நின்றுவிட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பிய மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னங்க இது?"

"கார்."

"அது தெரியுது. யாரோடது?"

"உன் தம்பியோடது," என்றார் அவர், முன்பின் யோசிக்காமல். "நிறுத்த இடமில்லையாம். கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்னான்."

அவள் அவர் காதையே ஒரு நிமிஷம் பார்த்தாள். "பாவம், அவன் வேற யார்கிட்ட போய்க் கேப்பான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இவர் குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாமா, எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது!" என்று அலறினான் அவன்.

"நீ ஓட்ட வேண்டாம்டா. கேட்டா உன்னோடதுன்னு மட்டும் சொல்லு. போதும்."

மறுநாளிலிருந்து, 'நம்மகிட்ட நம்பி விட்ட பொருள், துரு ஏறக் கூடாது' என்ற சாக்கில் வேலை தொடங்கியது. பின்சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திய மூன்று கூடுகள். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே எண்ணெய் ஊற்றி, எட்டு நாள் ஊறவிட்டார். ஒன்பதாம் நாள் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைப் போட்டு அழுத்தியபோது உள்ளே ஏதோ முனகிக்கொண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று அவர் செய்த பல்செட்டில் ஒரு பல் கூடுதலாக இருந்ததாக டாக்டரிடமிருந்து புகார் வந்தது. கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பல் குடையும் ஊசியால் சுத்தம் செய்தார். ஸ்டீயரிங் வளையத்தில் விழுந்திருந்த வெடிப்புகளைப் பல்செட்டுக்கு ஊற்றும் பசையாலேயே அடைத்தார். பிடி நன்றாகத்தான் இருந்தது. நிறம்தான் ஈறு நிறம்.

துருவையெல்லாம் சுரண்டித் தேய்த்து முடித்தபோது கறுப்புப் பெயின்ட் வாங்கத் தயாரானார். கறுப்புக் கார், வெள்ளைக் கோடு. மனசுக்குள் எப்போதோ அடித்து முடித்துவிட்டார்.

"நில்லுங்க," என்றாள் மனைவி. "அடுத்தவன் பொருளுக்கு நாமளா கலர் அடிக்கலாமா?" உடனே தம்பிக்குப் போன் போட்டு, அவர் காதிலும் விழும்படி வைத்தாள். "ஏன்டா, உன் காருக்கு என்ன கலர்?"

மறுமுனையில் எச்சில் விழுங்கும் சத்தம். "பச்சை, அக்கா. கிளிப்பச்சை."

பல்லைக் கடித்துக்கொண்டு கிளிப்பச்சை அடித்தார். அடுத்த வாரம் தம்பி சீட்டுக்கு மஞ்சள் உறை கேட்டான். அதற்கடுத்த வாரம் கண்ணாடியில் தொங்கவிட ஒரு பஞ்சு முயல் வேண்டுமென்றான். முயலைத் தொங்கவிடும்போது இவர் மச்சினனை வைத வசவுகளை எழுத முடியாது.

ஐந்தாவது மாதம் எஞ்சின் பிடித்தது. முதலில் இருமல், பிறகு கறுப்புப் புகை, அப்புறம் சீராக ஒரு உறுமல். அவர் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் எடுக்கும்வரை நின்றார். பின்னாலிருந்து மனைவி சொன்னாள்:

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை தம்பி வந்து எடுத்துட்டுப் போறானாம். ஒருத்தருக்கு விலை பேசி முடிச்சிட்டான்."

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்து, தலையைக் குனிந்தபடி சாவிக்குக் கை நீட்டியதும் உடைந்துபோனார்.

"தர மாட்டேன். இது என் கார். நான்தான் கொண்டுவந்தேன். அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

"தெரியுமே," என்றாள் மனைவி.

"எப்ப?"

"முதல் நாளே. டிக்கெட் இல்லாம ஏர்றவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீங்க குளியலறையை விட்டு வந்ததுமே நான் இவனைக் கூப்பிட்டேன். ஒரு அதட்டல், எல்லாத்தையும் கக்கிட்டான்."

"அப்ப பச்சை?"

"எனக்குப் பிடிச்ச கலர்."

"மஞ்சள்? முயல்?"

"மன்னிச்சிருங்க மாமா," என்றான் மச்சினன். "அக்கா சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்."

அவருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் சாவி அவர் கையில் இல்லை. மனைவி ஓட்டுநர் பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக ஓவர்டைம் என்று அவள் தாமதமாக வந்ததெல்லாம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவரும் மச்சினனும் ஏறிக்கொண்டார்கள். நாற்சந்தி வரை கார் தேர் மாதிரி போனது, அங்கே நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன்கள். அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதி அடைப்பை எடுத்தார். கூடிய கூட்டத்தில் ஒருவர், "அருமையான கலர் சார், யார் ஐடியா?" என்றார்.

"என்னோடதுதான்," என்றார் கூசாமல்.

உள்ளேயிருந்து ஹாரன் நீளமாக அலறியது. துள்ளியதில் தலை பானெட்டில் இடித்தது.

திரும்பும் வழியில் மனைவி மூன்றாவது கியருக்கே போய்விட்டாள். பின்சீட்டில் மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து சீட்டில் அவர், அங்கே இல்லாத பிரேக்கை வீடு வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தார்.