ஐஸ் இல்லை, ‘இரு’

மைசூர் ஆஸ்பத்திரியில் அப்பா பேச்சு நின்றுபோய்க் கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபின்லாந்தில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அம்மாவின் போனில் வீடியோ கால் போட்டு அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "யாஹுவாய்செத்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் போனில் அந்த ஃபின்னிஷ் வார்த்தையைப் பிரித்துத் தேடினேன். ‘யா’ என்றால் ஐஸ். ‘ஹுவா’ என்றால் நல்ல.

"மேடம் வெள்ளக்காரி ஆயிட்டீங்களோ? சாகக் கிடக்கிறவர்கிட்ட நல்ல ஐஸுன்னு சொல்ற!"

"சும்னிரோ, சும்மா இருடா லூசு. யான்னா ஐஸ், ‘இரு’ன்னும் அர்த்தம். இதுல ‘இரு’தான். போறவங்க இருக்கறவங்கள பாத்து, நல்லா இருன்னு சொல்றது. விடைபெறுறதுக்கே இங்க அதான் பேரு."

"அப்போ அப்பாதானே நமக்குச் சொல்லணும்?"

"அவரால முடியலையேடா, அதான் அவருக்காக நான் சொன்னேன். தமிழ்ல சொன்னா ‘போயிட்டு வரேன்’னு சொல்லணும். அது எனக்கு வாயில வரல."

விடியும்போது அப்பா போய்விட்டார். வீட்டிலிருந்து தூக்கும்போது, அவர் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி அம்மா, "போயிட்டு வாங்க" என்றாள்.

நான் அவளை அணைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றேன். அப்பா சொல்ல வேண்டியது அது. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.