ஒரு முழ மஸ்காரா பிரஷ்

கீரமங்கலத்தில் நான் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை என் வீட்டுக்காரருடையது. அவர் தண்ணி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். நடுவில் ஒரே ஒரு சுவர். புதிதாக ஃபேஷியலுக்கு வருகிறவர்கள், டிரில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரியாமல் கொஞ்சம் மிரளுவார்கள்.

நாற்பது வயது தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதெல்லாம் எனக்கு மங்க ஆரம்பித்தது. தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் போர்டை எல்லோருக்கும் முன்னால் நான் வாசித்துவிடுவேன். கையில் இருக்கும் ஊசியில் நூல் கோக்கத்தான் முடியாது. புதுக்கோட்டை கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். வாங்கியதோடு சரி, ஃபேஸ் பேக் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். கண் தெரியாதவளிடம் எந்தக் கல்யாணப் பெண் தன் கண்ணைக் காட்டுவாள்? இந்த ஊரில் ஒருத்தி சொன்னால் போதும், பூ மார்க்கெட் கலைவதற்குள் சேதி ஆலங்குடிக்குப் போய்விடும். மணப்பெண் அலங்காரத்தில்தான் நான் பெயர் வாங்கினேன். அதை விட்டுவிட்டு வெறும் புருவம் திருத்திக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை.

மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் ஓடியது. இமைமுடிக்குப் பூசும் மஸ்காரா மைதான் மானத்தை வாங்கியது. கம்பெனி பிரஷ்ஷின் பிடி விரல் நீளம்தான். அதை வைத்து இமைமுடியில் தடவ, என் மூக்கு பெண்ணின் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போக வேண்டும். அங்கே போனால் எனக்குத் தெரிவது மார்கழிப் பனி. ஒரு கல்யாணத்தில் மூன்று நான்கு முடி சேர்ந்து கட்டியாக நின்றுவிட்டது. போட்டோ எடுத்த தம்பி படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "எள்ளு ஒட்டுன மாதிரி இருக்கேக்கா" என்றான். "ஒன் லைட்டு சரியில்ல தம்பி" என்று பழியை அவன் தலையிலேயே போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. எட்ட இருப்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அப்புறம் எதற்குக் கிட்டப் போக வேண்டும்? பிடியை நீளமாக்கிவிட்டால் எட்ட நின்றே போடலாமே! பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிற எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது.

வீட்டுக்காரருக்கு மஸ்காரா என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கம்பி முறுக்குவது என்றால் உயிர். பழைய பிரஷ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? ரெண்டு கம்பிக்கு நடுவுல முடிய வச்சு முறுக்கியிருக்கான். நான் முறுக்குறேன் பாரு" என்றார். முறுக்கினார். பால் புட்டி கழுவுகிற பிரஷ் வந்தது.

"இத வச்சுத் தேச்சா கண்ணு கையோட வந்துரும்ங்க."

"மொத தடவ அப்படித்தான் இருக்கும். நீ பேசாம இரு."

காயில் கட்டும் செப்புக் கம்பி துவண்டது. ஸ்டீல் கம்பிக்கு மாறினார். சின்னப் பிள்ளைகள் பல் விளக்கும் புது பிரஷ்ஷிலிருந்து மெல்லிய முடியை நறுக்கி, கம்பிக்கு நடுவில் பரப்பி, டிரில்லில் மாட்டிச் சுற்றினார். முறுக்கு அகலமாக விழுந்தால் இடுக்கில் மை தேங்கி அப்பியது. நெருக்கி முறுக்கியதும் சமமாகப் பரவியது. நுனி சிறுத்துக்கொண்டே போனால்தான் கண்ணோரத்துக் குட்டி முடிக்கும் எட்டும். அப்படி முடியை வெட்டி எடுக்கிற வேலை என்னுடையது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒளித்து வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெட்டினேன்.

"இதச் செய்யவே கண்ணாடி போடுற. அதையே அங்கிட்டும் போட்டா வேல முடிஞ்சுச்சுல்ல?" என்றார். நான் முறைத்த முறைப்பில் டிரில்லைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பிரஷ்ஷின் தலை அருமையாக அமைந்தது. பிடி ஒரு முழம். சோதித்துப் பார்க்க யார் கண் கிடைக்கும்? அவருடையதுதான். நாற்காலியில் உட்கார வைத்து, தொரட்டியால் மாங்காய் பறிக்கிறவள் மாதிரி எட்ட நின்று நீட்டினேன். நான் மூச்சு விட்டாலே நுனி ஆடியது. "ஏய், குத்திப்புடாதடி" என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இடது கண் முடிந்தபோது போன் வந்தது. யாரோ ஒருவர் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோய், மல்லிகைக்குத் தண்ணீர் பாயவில்லையாம். அவர் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் போட்டது தண்ணீருக்கு அழியாத மஸ்காரா. வழியில் கழுவிக் கழுவிக் கண் சிவந்ததுதான் மிச்சம். தோட்டக்காரர் இவர் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டாராம். "தம்பி, மெட்ராஸ் ஐ-யா? அங்கிட்டே நில்லுங்க, வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு." வேலை முடிகிற வரைக்கும் வரப்பைப் பார்த்தே பேசியிருக்கிறார். மோர்ச் சொம்பை மோட்டார் ரூம் வாசலில் வைத்துவிட்டு ஓடியே போனாராம். என் வீட்டுக்காரர் வந்து ஒரு மணி நேரம் கத்தினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வெயிலிலும் வேர்வையிலும் மை துளிகூடக் கலையவில்லை.

அடுத்து வந்தது ஆலங்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். வீட்டுக்காரர்தான் மண்டபத்தில் கொண்டுவந்து விட்டார். மற்ற அலங்காரமெல்லாம் முடித்து, பையிலிருந்து ஒரு முழ பிரஷ்ஷை உருவினேன்.

"அக்கா, என்னக்கா இது?" என்றது பெண்.

"புது மாடல்மா."

நான் நீட்டினேன், அவள் நாற்காலியோடு பின்னால் போனாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன், அவள் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். இமை படபடவென்று அடித்தது. பிரஷ் நுனியும் ஆடியது. நுனி ஒரு நூல் தவறினாலும் இந்தப் பெண் சிவந்த கண்ணோடுதான் மேடை ஏற வேண்டும். போதும் என்று தோன்றியது. பெயராவது மண்ணாவது! எதற்கும் இருக்கட்டும் என்று பைக்குள் போட்டு வந்த கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே நின்று, சட்டைப் பையில் இருந்த கட்டிங் பிளேயரால் பிடியை நறுக்கிக் கொடுத்தார். "நல்ல கம்பி, வீணாப் போச்சு" என்று மிச்சக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

குனிந்து போட்டேன். அந்தக் கிட்டத்திலும் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அடி முதல் நுனி வரை சமமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மை ஏறியது. ஒரு கண் முடிந்ததும் பெண்ணிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். இனி அம்மாவைக் கூப்பிட்டு வேறு ஆள் கேட்பாள் என்றே எதிர்பார்த்தேன். அவள் தன் கண்ணைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பாடா! ஒரு வழியாக் கண்ணாடி போட்டுட்டீங்களாக்கா? போன வருசம் எங்க அக்காவுக்கு நீங்க கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் போட்டப்ப, அவ சாமி கும்பிட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தாளாம். ஒங்களுக்குக் கண்ணாடி இருக்கா, இல்லைன்னா நம்மளே வாங்கிக் குடுத்துருவமான்னு எங்கம்மா ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் யாருமே கேக்கல."

எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கண்ணுக்குக் குனிந்தேன். இந்த முறை அவள் இமை அசையவே இல்லை.