என் இரத்தமே எனக்காகப் பேசியது

ஆண்டவரில் அன்பானவர்களே, நான் குணமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் திருப்பலிக்கு வந்தேன். ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது.

என் பெயர் ஸ்டெல்லா. ரெட்டியார்சத்திரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பத்தாறு வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன். சோற்றைக் குறைத்தேன். தினமும் நடந்தேன். ஒன்பது கிலோ இளைத்தேன். சர்க்கரை மட்டும் இறங்கவேயில்லை.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மூன்றாவது முறையாக மாத்திரையைக் கூட்டினார். என் கணவர் பக்கம் திரும்பி, "வாயைக் கட்டச் சொல்லுங்க," என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் ஒருநாள், கணவர் அந்தோணி என் கைப்பையில் நான்கு மிட்டாய்களைப் பார்த்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளுக்குக் கொடுத்தவை. மறுக்க மனமில்லாமல் வாங்கி வைத்திருந்தேன்.

"இதைத் தின்னுட்டுத்தான் இம்புட்டு மாத்திரை முழுங்குறியா? என்கிட்டயே பொய் சொல்றியே," என்றார்.

பன்னிரண்டு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர். அவரே என்னை நம்பவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போனேன். முழங்காலிடவில்லை. நின்றபடியே கேட்டேன். "ஆண்டவரே, நான் சுகம் கேட்டு வரலை. நான் பொய் சொல்லலைன்னு உமக்குத் தெரியும். அதை அவங்களுக்கும் தெரிய வையும். அதுவரைக்கும் உம்மை விடமாட்டேன்." அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அதே வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த வெள்ளைத் திட்டு எத்தனை வருஷமா இருக்கு? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுறீங்களா?"

"ரெண்டும் பத்து வருஷமா இருக்கும்மா."

இந்த இரண்டும் இருப்பதால், உடம்பு தன்னையே தாக்கும் வகைச் சர்க்கரையாக இருக்கலாம் என்று சொல்லி இரத்தம் எடுத்தார். அது மதுரைக்குப் போனது. ஆறாம் நாள் முடிவு வந்தது. இன்சுலின் சுரக்கும் செல்களை என் உடம்பே அழித்துக்கொண்டிருந்ததன் அடையாளம் இரத்தத்தில் இருந்தது. சி-பெப்டைடு என்று ஓர் அளவு. இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அது காட்டுமாம். எனக்குக் குறைந்திருந்தது. ஆனால் அறவே போய்விடவில்லை.

மருத்துவர் அந்தோணியிடம் சொன்னார்: "இது சாப்பாட்டால வந்ததில்ல சார். இவங்க மேல தப்பே இல்ல. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கண்டுபிடிச்சிட்டோம். இன்னைக்கே இன்சுலின் ஆரம்பிச்சிரலாம்."

வெளியே வந்து, வண்டியை எடுக்காமல் அந்தோணி அப்படியே நின்றார். "மன்னிச்சிரு," என்றார்.

"மன்னிச்சிட்டேன். ஆனா இனிமே என் பையைத் தொடாதீங்க," என்றேன்.

செபக்குழுவில் ரோஸ்லின் அக்கா கேட்டார்: "ஊசி போட்டுக்கிட்டா அப்புறம் விசுவாசம் எங்க தாயி இருக்கு?"

"நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானக்கா பைபிள் வாசிக்கிறீங்க?" என்றேன். அக்காவே சிரித்துவிட்டார்.

இன்று நான் தெம்பாக இருக்கிறேன். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் ஊசி போட்டுக்கொள்கிறேன். நன்றி சொல்லாத நாளில்லை.

உங்களில் யாராவது மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை இறங்காமல், பழியை மட்டும் சுமந்துகொண்டிருந்தால், ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். மருத்துவரிடமும் துணிந்து கேளுங்கள், இந்த இரத்தப் பரிசோதனை எனக்கு வேண்டுமா என்று. தலைகுனிய வேண்டியவர்கள் நாமல்ல.